மஞ்சள் சீட்டுக்கு ஓர் அடி

பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் நின்று காயங்களை ஆற வைத்தவள், அதற்கப்புறம் காயம் உண்டாக்கும் வேலைக்குப் போனாள். சம்பளம் அதிகம், நாற்றம் குறைவு, யாரும் சாவதில்லை. இந்த மூன்றைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

வேலை ஒரு தொலைக்காட்சித் தொடரில். விண்கலம் ஒன்றில் கிரகம் கிரகமாகப் போய் அடிபட்டு மிதிபட்டுத் திரும்புகிற ஒரு கூட்டத்தின் கதை. காலியாகக் கிடந்த பழைய கிடங்கு ஒன்றின் தகரக் கூரைக்கு அடியில், ஒட்டுப்பலகையையும் பழைய குளிர்சாதனப் பெட்டிகளின் உள்பாகங்களையும் வைத்து அந்த விண்கலத்தைக் கட்டியிருந்தார்கள். எஞ்சின் அறை என்று படத்தில் காட்டப்படும் சுவருக்கு மறுபக்கம் அவளுடைய மேசை. ரப்பர் பால், மெழுகு, பஞ்சு, சர்க்கரைப் பாகில் கரைத்த சிவப்புச் சாயம். கிழிந்த வயிறு, துண்டான கை, வெந்து உரிந்த முகம், எது கேட்டாலும் ஒன்றரை மணி நேரத்தில் செய்து கொடுப்பாள். ஆனால் கேள்வி கேட்பாள்.

"கத்தி உள்ளயே இருக்கா, உருவியாச்சா? உள்ள இருந்தா ரத்தம் கசியத்தான் செய்யும். உருவினாத்தான் பீச்சும். உங்களுக்கு எது வேணும்?"

கட்டுக்காரக்கா என்று எல்லாரும் அவளை அழைத்தார்கள். அவளுடைய தம்பிக்கும் அங்கேதான் வேலை. அவனை எல்லாரும் டப்பா என்று அழைத்தார்கள்.

தம்பிக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். சண்டைக் காட்சிகளில் பெரிய நடிகர்களுக்குப் பதிலாக விழுந்து எழுவது அவன் தொழில். மாடியிலிருந்து விழுந்திருக்கிறான், எரியும் சட்டையோடு ஓடியிருக்கிறான், கண்ணாடிக்குள் பாய்ந்திருக்கிறான். இருபது வருஷத்தில் ஒரு முறைகூட அவன் முகம் திரையில் வந்ததில்லை. இந்தத் தொடரிலும் அப்படித்தான். கலத்தைப் பெருக்கித் துடைக்கும் இயந்திர மனிதனாகத் தகர உடுப்புக்குள் இருந்தான். அந்த இயந்திரம் வாய் பேசாது. யாருக்குக் கோபம் வந்தாலும் அதன் தலையில் ஒன்று போடுவார்கள். டங் என்று சத்தம் வரும். அது அரைச் சுற்றுச் சுற்றி நின்று, ஒன்றும் நடக்காத மாதிரி தரையைத் துடைக்கப் போகும். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெருப் பிள்ளைகள் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் கரண்டியால் அடித்தார்கள். கதாநாயகனான கேப்டனுக்கு வந்த கடிதங்களைவிட டப்பாவுக்கு வந்த கடிதங்கள் அதிகம்.

டைரக்டரின் அறைச் சுவரில் ஒரு பெரிய அட்டை தொங்கியது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரிசை. சாவு, வதை, பிரிவு என்றால் சிவப்புச் சீட்டு. சிரிப்பு என்றால் மஞ்சள் சீட்டு. இரண்டு சிவப்பு பக்கத்தில் பக்கத்தில் வரக் கூடாது. வந்தால் நடுவில் ஒரு மஞ்சள் செருகியாக வேண்டும். இதுதான் அவர் சட்டம்.

"ரெண்டு சாவு சேர்ந்தாப்ல வந்தா எவன் உக்காந்து பாப்பான்? சேனலை மாத்திட்டு எழுந்து போயிடுவான். நடுவுல மூச்சு விட வழி பண்ணணும்" என்பார்.

கதை எழுதுகிறவருக்கு இது பிடிக்காது. ஒல்லியான மனுஷர், எப்போதும் வயிற்று வலி. "சாவு வீட்டுல ஒருத்தன் வழுக்கி விழுந்தா சிரிப்பு வரும் சார். அவனே பத்து வாட்டி வழுக்கினா எழுந்து போய் நாலு போடணும்னு தோணும்" என்பார். சொல்லிவிட்டு மஞ்சள் எழுதப் போவார்.

மூன்றாவது வருஷம் கதையில் போர் மூண்டது. தினம் நாலு பேராவது சாக வேண்டியிருந்தது. கழுத்தறுப்பு, தலை வெடிப்பு, வரிசையாக நிற்க வைத்துச் சுடுதல். கட்டுக்காரக்காவுக்குச் சர்க்கரைப் பாகு குடம் குடமாக வேண்டியிருந்தது. அட்டையில் சிவப்பு கூடக் கூட மஞ்சளும் கூடியது. மஞ்சள் என்றால் டப்பாவின் தலை. ஒரு காட்சியை நாலு தடவை, ஐந்து தடவை எடுப்பார்கள். ஒரு நாளைக்கு அந்தத் தலையில் இருபது அடி விழுந்தது. கேப்டனாக நடிப்பவர் உடம்பை வளர்த்தவர், இரும்புக் குழாயை ஓங்கி இறக்குவார். மெதுவாக அடித்தால் பொய் தெரிகிறது என்று டைரக்டர் திட்டுவார்.

உள்ளே ரெண்டு விரல் தடிமனுக்கு நுரைப் பஞ்சு இருக்கிறது, தலைக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பஞ்சை முதல் வருஷம் ஒட்டியதே அவள்தான்.

ஒரு நாள் மத்தியானம் தகரத் தலை அவள் மேசைக்கு வந்தது. குண்டு பாய்ந்து எண்ணெய் ஒழுகுவது மாதிரி செய்ய வேண்டும். குழாய் செருகுவதற்காகக் கையை உள்ளே விட்டாள். பஞ்சு இல்லை. வெறும் தகரம். விரலில் இரண்டு முடி ஒட்டிக்கொண்டு வந்தது, கூடவே பழுப்பாக ஏதோ ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். சர்க்கரை வாசனை இல்லை.

எண்ணெய்க் குழாயைச் செருகி, தலையைக் கொடுத்து அனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டில் அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"பஞ்சை யாருடா எடுத்தது?"

"எந்தப் பஞ்சு?"

"உன் மண்டைக்குள்ள இருக்கறது இல்ல. அது எப்பவோ போச்சு. தகரத்துக்குள்ள இருந்தது."

அவன் சொல்லிவிட்டான், ஒளிக்கத் தெரியாதவன். ஆறு மாதம் முன்னால் சவுண்டுக்காரர் வந்து, வேர்வையில் பஞ்சு ஊறிப் போய் டங் செத்துவிட்டது என்றாராம். தகர டின், பித்தளைப் பாத்திரம் என்று எதை எதையோ தட்டித் தனியாகச் சத்தம் எடுத்துச் சேர்த்துப் பார்த்தார்களாம். போட்டுக் காட்டினபோது ஒருத்தரும் சிரிக்கவில்லையாம். அந்த ராத்திரியே அவன் பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டான். மறுநாள் டங் திரும்பி வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"யாரும் என்னை எடுக்கச் சொல்லல" என்றான். அதை ஒரு பெருமையாகவே சொன்னான்.

"தலை வலிக்குதா?"

"எல்லாருக்கும்தான் வலிக்குது."

"வாந்தி?"

"அக்கா, விடு."

"நாளைக்கு நீ வேலைக்குப் போகல. டாக்டர்கிட்ட போறோம்."

அடுத்த நொடி அவன் முஷ்டி அவள் கன்னத்து எலும்பில் இறங்கியது. அவள் சமையல் மேடையில் மோதிக் கீழே உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து அவன் அவள்மேல் கை வைத்ததில்லை. விளையாட்டுக்குக்கூட இல்லை, அவனுக்கு அந்தக் குணமே கிடையாது. இப்போது அவன் தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே போனான். கீல் கழன்று தொங்கியது.

அவள் தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். வலித்தது. ஆனால் வலியைவிட அந்த அடி சொன்ன செய்தி பெரியது. தலையில் அடிபட்டு வார்டுக்கு வருகிறவர்களில் சாதுவாக இருந்தவன் திடீரென்று கை நீட்ட ஆரம்பித்தால் பெரிய நர்ஸ் உடனே குறிப்பேட்டில் எழுதுவார். குணம் மாறுவதும் ஓர் அறிகுறி. காய்ச்சல் மாதிரி அதுவும்.

மறுநாள் வீங்கின முகத்தோடு வேலைக்குப் போனாள். விளக்குக்காரப் பையன்கள் நாலு பேர் சுற்றி நின்று பாராட்டினார்கள்.

"அக்கா, உங்க மூஞ்சியிலயே செஞ்சு பாத்தீங்களா? கலர் பிரமாதம். ஓரத்துல அந்த ஊதா வருது பாருங்க, அது யாருக்கும் வராது."

"நிஜமாவே வீங்கின மாதிரி இருக்கே. மெழுகா?"

"இல்ல. புதுச் சரக்கு" என்றாள். நாள்பட்ட அடிக்கு வரும் அந்தப் பச்சை கலந்த மஞ்சள் அவளுக்குச் சாயத்தில் எப்போதுமே சரியாக வந்ததில்லை. ஆகவே வீக்கம் வடியும்வரை நாலு நாளும் கண்ணாடி முன் நின்று கன்னத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். வீணாக்க மனசு வரவில்லை.

அவன் டாக்டரிடம் வர மறுத்தான். கட்டி இழுத்துப் போக வழி இல்லை. பஞ்சை மறுபடி ஒட்டினாள், மறுபடி பிய்த்தான். வேறு வழி யோசித்து, டைரக்டர் அறைக்குள் போய் நின்றாள். கதைக்காரரும் அங்கே இருந்தார்.

"டப்பாவைக் கொன்னுடுங்க" என்றாள்.

டைரக்டர் சிரித்தார். "அக்கா, உங்க தம்பி சோத்துல மண்ணு போடறீங்க."

"சோறு நான் போடுவேன். இன்னும் ஆறு மாசம் இப்படி அடிச்சா அவன் நிஜமாவே செத்துடுவான். அதுக்குள்ள கதையில கொன்னுடுங்க. கேப்டன் கையாலயே நாலு அடி போட்டு முடிச்சுடுங்க."

"டப்பா போனா மஞ்சளுக்கு நான் எங்க போறது?"

அதுவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கதைக்காரர் எழுந்து அட்டைப் பக்கம் போனார். "மூணு வருஷமா நான் கேக்கறது இதைத்தான் சார். இதுவரைக்கும் முந்நூறு பேரைக் கொன்னிருக்கோம். ஒருத்தனுக்காவது யாராவது அழுதாங்களா? இவன் செத்தா அழுவாங்க. ஏன்னா இவனை அடிச்சப்பெல்லாம் சிரிச்சிருக்காங்க." வரிசையின் கடைசியில் ஒரு மஞ்சள் சீட்டைப் பிய்த்து, அந்த இடத்தில் சிவப்பை ஒட்டினார். "எதிரி நம்ம கேப்டனோட மூளையைப் பிடிச்சுக்கறான். கேப்டன் டப்பாவை அடிக்கறான். வழக்கமா அடிக்கற அதே குழாய். டப்பா வழக்கம்போல அரைச் சுத்து சுத்துது. ஆனா அடி நிக்கல. தகரம் பொளந்துக்குது. பொளப்புக்குள்ள முதல் தடவையா ஒரு கண்ணு தெரியுது."

டைரக்டர் எழுந்து வந்து அந்தச் சிவப்புச் சீட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "கண்ணா?" என்றார்.

"மனுஷக் கண்ணு. மூணு வருஷமா உள்ள ஒரு ஆள் இருந்திருக்கான்னு அப்பத்தான் தெரியணும்."

அப்படி முடிவாயிற்று. வருஷத்தின் கடைசிப் பகுதி. நாலு வாரம் இருந்தது.

தம்பி முதலில் அவளைத் திட்டினான். அந்தக் கண் விஷயம் காதில் விழுந்ததும் திட்டு நின்றது. இருபது வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் நடிப்பு அது. விழுவது இல்லை, சுற்றுவது இல்லை. நடிப்பு. ஒரே ஒரு கண், பன்னிரண்டு விநாடி. கையளவு கண்ணாடியைச் சன்னலில் மாட்டிவைத்து, அட்டையில் ஒரு கோணல் ஓட்டை வெட்டி, அதை முகத்தில் பிடித்துக்கொண்டு தினமும் பயிற்சி செய்தான்.

"அக்கா, இங்க பாரு. இது பயம். இது, ஏன் அடிக்கறீங்கன்னு கேக்கறது. இது மன்னிச்சுட்டேன்."

"மூணும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"உனக்கு ரசனை இல்ல."

அந்த நாலு வாரமும் பஞ்சு வைத்த தலையைப் போட்டுக்கொள்ள அவன் ஒத்துக்கொண்டான், கண்ணுக்காக. அவள் கொஞ்சம் மூச்சு விட்டாள். அதுதான் அவள் செய்த தவறு. உள்ளே கசிய ஆரம்பித்த ரத்தம், தலைக்கு அடி படாமல் போனதும் நின்றுவிடும் என்று நினைத்துவிட்டாள். வார்டில் பார்த்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

படப்பிடிப்பு அன்று காலையில் அவன் வலது கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. சிரித்துக்கொண்டே துடைத்தான். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். கடைசி முறை காட்டுகிறேன் என்று அட்டையை முகத்தில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் அவள் பக்கம் திரும்பினான். ஓட்டை வழியே இடது கண் தெரிந்தது.

"எப்படி?"

"அட்டையை எடு."

எடுத்தான். வலது பாவை வெளிச்சத்துக்குச் சுருங்கியிருந்தது. இடது பாவை பெரிதாக, கறுப்பாக, அப்படியே நின்றது. அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தாள். அசையவில்லை.

"செருப்பைப் போடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சாயங்காலம் வர்றேன்."

"சாயங்காலம் நீ இருக்க மாட்ட."

"அக்கா, இன்னிக்கு என் கண்ணு." அவன் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டான். "ஒரே ஒரு நாள். எடுத்துட்டு வந்து படுத்துக்கறேன். நீ என்ன வேணா பண்ணிக்கோ."

"அங்க அவர் குழாயைத் தூக்குவார். ஒரு அடி போதும்."

அவன் அவளைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போனான். அவளுக்கு ஐம்பத்து மூன்று வயசு. ஆனால் வெறி பிடித்த நோயாளியை எப்படிப் பிடிப்பது என்பது அவளுடைய உடம்புக்குத் தெரியும், யோசிக்கத் தேவையில்லை. பின்னாலிருந்து அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து இடது இடுப்புக்கு இழுத்தாள். முட்டியை அவன் முட்டிக்குப் பின்னால் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். எது உடைந்தாலும் தலை மட்டும் தரையில் படக் கூடாது. தன் இடது கையை அவன் பின்மண்டைக்கும் தரைக்கும் நடுவில் விட்டாள். இரண்டு விரல் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அவள் முழங்கையைக் கடித்தான், சதை பிய்கிற மாதிரி. கெட்ட வார்த்தை சொன்னான். உதைத்தான். அலமாரி சரிந்தது. அவள் அவன்மேல் ஏறி உட்கார்ந்து கீழ்வீட்டு டிரைவரைக் கூப்பிட்டாள்.

டிரைவர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். அவள் கை முழுக்க ரத்தம்.

"என்னக்கா, ரிகர்சலா?"

"இது நிஜ ரத்தம். காலைப் பிடி. போர்வையால கட்டு. முடிச்சை முட்டிக்கு மேல போடு. தலையை மட்டும் தொடாத."

வண்டியில் போகும்போது அவன் கத்திக்கொண்டே வந்தான். பாதி வழியில் கத்தல் குழறலாயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் வாந்தி எடுத்தான். உள்ளே தூக்கிப் போகும்போது அவனுக்கு நினைவில்லை. மண்டையில் இரண்டு இடத்தில் துளை போட்டார்கள். பழைய ரத்தம் கறுப்பு எண்ணெய் மாதிரி வழிந்தது என்று டாக்டர் சொன்னார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சாவுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்போம் என்றும் சொன்னார். அவள் விரல்களுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து டைரக்டருக்கு ஃபோன் பண்ணினாள். டப்பா வர மாட்டான், இன்னிக்கும் இல்லை, இனிமேலும் இல்லை என்றாள்.

அடுத்த மூன்று வாரம் அவன் பிழைத்து வந்த கதை மற்ற நோயாளிகளுடைய கதை மாதிரிதான். கரண்டியை எடுக்க மறுபடி பழகினான். வலது கை சொன்னபடி கேட்கவில்லை. மூக்கைத் தொடச் சொன்னால் காதுக்குப் போகும். சுவரில் வட்டம் வரைந்து பந்து போடச் சொன்னால் பந்து கட்டிலுக்கு அடியில் உருளும். கை கால் பயிற்சி கொடுக்கும் பெண் பொறுமைசாலி. கட்டுக்காரக்கா பொறுமைசாலி இல்லை. அதனால் இன்னும் பத்து முறை போடச் சொல்வாள். அவன் அவளோடு பேசவில்லை. ஆமாம், இல்லை, தண்ணி. அவ்வளவுதான்.

நாலாவது வாரம் சவுண்டுக்காரர் பார்க்க வந்தார். கட்டிலோரம் நின்று, மொட்டையடித்த தலையில் தையல் போன பாதையைப் பார்த்தார். அப்புறம் வேறெங்கும் பார்க்கவில்லை.

தம்பி நேரே கேட்டான். "காட்சி எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க. அன்னிக்கே. தள்ளிப் போட முடியல."

"உள்ள யாரு?"

சவுண்டுக்காரர் அவளைப் பார்த்தார். பொய் சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அவள் தலையாட்டவில்லை.

"யாரும் இல்ல. எவனும் உள்ள போக மாட்டேன்னுட்டான். உடுப்புல மண்ணு ரொப்பினோம், தலை வரைக்கும். கம்பி கட்டி நிக்க வெச்சோம்."

"கண்ணு?"

"கண்ணு இல்லப்பா. கேப்டன்கிட்ட அப்பத்தான் யாரோ சொல்லியிருக்காங்க, உனக்கு மண்டையைத் துளைக்கறாங்கன்னு. அவர் குழாயைத் தூக்கவே இல்ல. டைரக்டர் கத்தறார், அடிங்கன்னு. அடிச்சார். டங் வரல. மண்ணு இல்லையா உள்ள, தொப்னு ஒரு சத்தம். மனுஷனை அடிச்ச மாதிரி. நான் காதுல மாட்டியிருந்ததைக் கழட்டிட்டேன். மூணாவது அடியில தகரம் பொளந்துச்சு. மண்ணு கொட்ட ஆரம்பிச்சுது. கேப்டன் குழாயைப் போட்டுட்டு முட்டி போட்டு, ரெண்டு கையாலயும் அந்தப் பொளப்பை அடைக்கப் பாக்கறார். அது எழுதினதுல இல்ல. மண்ணு விரல் நடுவுல ஒழுகிக்கிட்டே இருக்கு. யாரும் நிறுத்தச் சொல்லல. விளக்குப் பசங்க அழுதாங்க. கதைக்காரர் வெளிய போய் வாந்தி எடுத்தார்."

தம்பி படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். சவுண்டுக்காரர் போன பிறகு, "அக்கா, நீ அதைப் பாத்தியா?" என்றான். அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டே நாலு வாரம் ஆகியிருந்தது.

"போன வாரம் போட்டாங்க. வெயிட்டிங் ஹால்ல பாத்தேன்."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு. பக்கத்துல இருந்த கால் உடைஞ்ச ஆள் தேம்பித் தேம்பி அழுதார்."

"நான் இருந்திருந்தா இதைவிட நல்லா இருந்திருக்குமா?"

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது. ஆறுதலுக்காக ஒரு தடவை பொய் சொன்னால் நோயாளிகள் பிறகு எந்த மருந்தையும் நம்ப மாட்டார்கள் என்பது அவள் அனுபவம்.

"இல்லடா. மண்ணு உன்னைவிட நல்லா செஞ்சுது."

அவன் பக்கத்து மேசையிலிருந்த எஃகுக் கூஜாவை எடுத்து வீசினான். ஆறடி தூரத்தில் நின்ற அவளுடைய தோளில், எலும்பும் கழுத்தும் சேருகிற இடத்தில், அது நேராக வந்து விழுந்தது. தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. அடுத்த கட்டிலில் இருந்தவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தாள்.

"என்னம்மா ஆச்சு? ஊசி போடவா?"

கட்டுக்காரக்கா தோளைப் பிடித்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவன் மூச்சு வாங்க, தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து விரலும் நடுங்காமல் இருந்தன.

"ஊசி வேண்டாம். குறிப்பேட்டை எடு" என்றாள் அவள். "வலது கை. ஆறடி. குறி தப்பல. எழுதிக்கோ."